இரண்டு அங்குலம்

வாசற்படி

வீடு கட்டியவர்கள், தோட்டம் போட்டவர்கள், குடும்பத்துக்காக ஒரு முடிவை எடுத்துவிட்டுப் பிறகு கையைப் பிசைந்தவர்கள் எல்லோரும் எழுதுங்கள். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றவர்கள் கதையைக் கேட்க எனக்கு வாயில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடு. கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறை, அதை ஒட்டிக் குளியலறை. படுக்கையறையில் சுவரோடு சேர்ந்த அலமாரி ஒன்று வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இடம் போதவில்லை. குளியலறைக் கதவைச் சுருக்கினால் அலமாரி உட்கார்ந்துவிடும் என்றார் வரைபடம் போட்டவர். சுருக்கினோம். நிலையின் வெளியளவு 75 செ.மீ. இருபுறச் சட்டமும் போக உள்ளே 63. கதவு திறந்து நிற்கும்போது அதன் கனம் 3 செ.மீ. ஆக, ஆள் நுழைய மிஞ்சியது 60.

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வரைபடத்தைப் பார்த்தார். "இந்தக் கதவு ஒல்லியாக இருக்கிறதே" என்றார். "குளியலறைக்குள் யானையா போகப்போகிறது?" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவரும்தான்.

ஐந்தாம் ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வாங்கிய சக்கர நாற்காலியின் அகலம் 65 செ.மீ. இரண்டே அங்குலம் இடித்தது. முதல் நாள் நான் அது தெரியாமல் தள்ளியதில் சக்கரத்தின் மேல் இருந்த அவருடைய வலது கை விரல் முட்டிகள் நிலையில் உரசித் தோல் வழன்றுவிட்டது. கதவைக் கழற்றித் திரை போட்டோம். அப்போதும் 2 செ.மீ. பற்றவில்லை. போதாக்குறைக்கு, தண்ணீர் வெளியே வராமல் இருக்கட்டும் என்று வாசலில் 10 செ.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்புப் படி கட்டியிருந்தோம். சாய்தளம் போடலாம் என்றால், 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் வேண்டுமாம். அந்த 10 செ.மீ. படிக்கு 120 செ.மீ. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே இருந்த இடமே 90 செ.மீ.தான்.

ஆகவே ஒவ்வொரு முறையும் நாற்காலியை நிலையருகே நிறுத்தி, இருவர் தாங்கிப் பிடித்து நான்கு எட்டு நடத்திக் கூட்டிப்போவோம். பகலில் சமாளித்தோம். இரவில் என்னை எழுப்ப வேண்டும், நான் போய் மனைவியை எழுப்ப வேண்டும். அப்பா மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். பல மாதங்கள் எனக்கு அது உறைக்கவேயில்லை. தலைமாட்டில் வைத்த டம்ளர் காலையில் வைத்தபடியே இருக்கும். தாகம் இல்லை என்பார். நானும் சரி என்று தண்ணீரைக் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பேன்.

நிலைக்குள் தடையில்லாமல் 80 செ.மீ.யாவது இருக்க வேண்டும், 90 என்றால் நிம்மதி. இது இப்போது எனக்கு மனப்பாடம். ஆனால் என் வருத்தம் அளவைப் பற்றியது மட்டும் இல்லை. யானை என்று சொன்னேனே, அதைப் பற்றியது.

பசுந்தளிர்

படித்துவிட்டு வெகுநேரம் எழுதத் தோன்றவில்லை. இதற்குப் பக்கத்தில் என் மூங்கில் கதை அற்பமாகத் தெரியலாம். இருந்தாலும் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எங்கள் தோட்டம் முழுவதும் தெரியும். அந்த வீட்டுப் பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அவர் எங்களைத்தான் பார்க்கிறார் என்று எனக்கு ஒரு எண்ணம். மறைப்புக்கு எது சீக்கிரம் வளரும் என்று தேடி, மதிலோரம் வரிசையாக மூங்கில் வைத்தேன். மூங்கிலில் குத்தாக நிற்கும் வகையும் உண்டு, மண்ணுக்கடியில் கிழங்கை ஓடவிட்டுப் பரவும் வகையும் உண்டு. நான் வாங்கியது ஓடும் வகை. விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் அது வளர்ந்ததாகவே தெரியவில்லை. உரம்கூட வைத்தேன், என் அறிவை என்ன சொல்ல! மேலே ஒன்றும் காணாத அந்த இரண்டு ஆண்டும் கீழே அது வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மூன்றாம் ஆண்டு மழைக்குப் பிறகு ஒரு காலை அந்தப் பெரியவர் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு மூங்கில் குருத்து, அடியில் ஈரமண்ணோடு. அதை மதில் மேல், என் பக்கமாகப் பார்த்து வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்விட்டார்.

போய்ப் பார்த்தேன். அவர் முற்றத்தில் பதித்திருந்த கற்களில் மூன்று எழும்பியிருந்தன.

தோண்டி எடுக்க இரண்டு கோடைகள் ஆயின. மண்வெட்டி அந்தக் கிழங்கில் பட்டால் திரும்பி வருகிறது, ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். விரல் நீளத் துண்டு ஒரு கணுவோடு மண்ணில் தங்கிவிட்டாலும் போதும், மறுபடி கிளம்பும். ஆசை விடவில்லை என்பவர்கள் நடுவதற்கு முன்பே 60 முதல் 75 செ.மீ. ஆழத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக் தடுப்பை இறக்குங்கள். விளிம்பு தரைக்கு மேல் ஐந்து செ.மீ. நீட்டிக்கொண்டு நிற்கட்டும், கிழங்கு தாண்டிக் குதிப்பது கண்ணுக்குத் தெரியும். அல்லது குத்து வகையைக் கேட்டு வாங்குங்கள்.

தோண்டிய நாட்களில்தான் தெரிந்தது, அவருக்குக் கண்ணில் புரை முற்றியிருந்தது என்று. ஜன்னலோரம் வெளிச்சத்துக்காக உட்கார்ந்திருந்திருக்கிறார். எங்கள் தோட்டம் அவருக்குப் பச்சையாக ஏதோ ஒன்று, அவ்வளவுதான்.

கொத்தனார் மகன்

பெயரைப் பார்த்து யாரும் என்னை நிபுணர் என்று நினைக்க வேண்டாம். கொத்தனார் என் அப்பா. நான் மேசை வேலைக்காரன், அதனால்தான் இந்தக் கதையே.

வரவேற்பறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம். வெள்ளையாக உப்புப் பூத்துச் சாயம் செதில் செதிலாக உதிரும். அப்பா வந்து பார்த்தார். ஒரு சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் நாடா வைத்துச் சுவரில் ஒட்டச் சொன்னார். மறுநாள் உரித்தோம். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் துளித்துளியாக நீர். அப்படியானால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தால் குறையும். "வெளியே போய்த் தரையைத் தோண்டு, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார். அதை விட்டுவிட்டு இங்கே பூசுவது காய்ச்சல்காரனுக்குச் சட்டை மாற்றுகிற வேலை" என்றார்.

வெளியே தோண்டுவதென்றால் புதிதாகப் போட்ட நடைபாதையைப் பெயர்க்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. அழகான மரப்பலகை அடித்து ஈரத்தை மறைத்தேன். அடுத்த முறை வந்தபோது அப்பா பலகையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காப்பியைக் கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. இரண்டாம் ஆண்டு பலகை முழுக்கக் கரையான்.

இன்னொன்று, இது எல்லோருக்கும். பூச்சு வேலைக்கு முன் எல்லாச் சுவரையும் அளவுநாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று பிறகு ஒருவருக்கும் நினைவிருக்காது. நான் ஒரு கடிகாரம் மாட்டப் போய்க் குழாயில் துளை போட்டவன்.

நிழல்தேடி

சுருக்கமாக: வீட்டிலிருந்து ஒன்றரை மீட்டரில் ஃபைகஸ் என்கிற ஆலமர இனத்துக் கன்று வைத்தேன், தொட்டியில் பார்க்க அவ்வளவு சாதுவாக இருந்தது. மரத்தின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில், முக்கால் மீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் பக்கவாட்டில் கிளைகளின் விரிவையும் தாண்டிப் போகும். கழிவுநீர்க் குழாயின் இணைப்பில் கசிவு இருந்தது, மயிரிழை வேர் நுழைந்து உள்ளே சடையாகி அடைத்துவிட்டது. பயந்துபோய் மரத்தின் தலையை வெட்டினேன். அது அடுத்த தவறு. வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகக் கிளைத்தவை எல்லாம் பிடிப்பில்லாதவை, ஒரு காற்றுக்கே முறிந்து விழுந்தன. கடைசியில் மரத்தையே எடுத்தோம். இப்போது மேற்கு வெயில் நேராக உள்ளே வருகிறது. உள்ளே எத்தனை திரை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூடு வெளியே போவதில்லை.

மூன்றாவது மகள்

நீங்கள் எல்லோரும் கட்டியதைப் பற்றி எழுதுகிறீர்கள். நாங்கள் விற்றோம்.

அப்பா போனபின் அம்மா தனியாக இருக்க வேண்டாம் என்று அக்காக்களும் நானும் முடிவு செய்தோம். வீட்டை விற்றுவிட்டு ஒவ்வொருவர் வீட்டிலும் நான்கு மாதம். கணக்கு மிகச் சரியாக இருந்தது. யார்மேலும் பாரம் இல்லை, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. எத்தனை முறை பேசினோம் தெரியுமா? ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் மூவரும் ஒருவரையொருவர் சம்மதம் கேட்டுக்கொண்டோம். அம்மாவிடம் தகவல் சொன்னோம்.

சாமான்களைப் பிரித்தபோது தையல் இயந்திரம் ஒன்று மிஞ்சியது. காலால் மிதிக்கும் பழைய இரும்பு இயந்திரம். நான்கு மாதத்துக்கு ஒருமுறை அதை யார் தூக்கிக்கொண்டு அலைவது? வந்த விலைக்குக் கொடுத்துவிட்டோம். அம்மா அதன் எண்ணெய்க் குப்பியை மட்டும் எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, கதவுக் கீல் கிரீச்சிட்டால் விடலாமே என்றார்.

என் வீட்டில் அவருக்கென்று அலமாரியில் இரண்டு தட்டு ஒழித்து வைத்திருந்தேன். நான்கு மாதமும் அவர் துணி பெட்டியில்தான் இருந்தது. எடுத்து உடுத்துவார், துவைத்து மடித்துத் திரும்பப் பெட்டியில் வைப்பார். பல் துலக்கும் பிரஷ்கூட ஓர் உறைக்குள். எங்கள் வீடு பிடிக்கவில்லையோ என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு ஒரு மாலை எதிரே உட்கார்ந்திருந்தேன். அம்மா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிக்கு அடியில் அவருடைய வலது பாதம், குதிகாலும் விரல்களும் மாறி மாறி, ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தது. அவருக்கே தெரியாது.

அக்காக்களைத் தொலைபேசியில் கேட்டேன். இருவர் வீட்டிலும் அப்படித்தானாம். யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

வேறொரு இயந்திரம் வாங்கினேன், மின்சாரத்தில் ஓடுவது. அம்மா அதைத் துடைத்து வைத்தார், நன்றாக இருக்கிறது என்றார். ஒரு தலையணை உறைகூடத் தைக்கவில்லை.

இரவுப்பறவை

ஒரு மாற்றுக் கருத்து, யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வரிசையாகப் படித்தால் "கேட்டிருந்தால் சரியாகியிருக்கும்" என்றே எல்லோரும் நினைப்பதுபோல் இருக்கிறது. நான் கேட்டவன். வீட்டைச் சீரமைத்தபோது மாமனாரை உட்காரவைத்து, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டுமா, இருக்கையை உயர்த்தட்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "எனக்கு எதற்கு மாப்பிள்ளை? உங்கள் சௌகரியத்துக்குச் செய்யுங்கள்." எல்லாக் கேள்விக்கும் அதே பதில். அவர் வாயாலேயே சொல்லிவிட்டாரே என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆறு மாதத்தில் துண்டு மாட்டும் கம்பி திருகாணியோடு பெயர்ந்து வந்தது, அவரும் அதோடு விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. பிறகு யோசித்தால், அந்தக் கம்பியின் ஒரு முனை மட்டும் எப்போதும் பளபளவென்று இருக்கும். தினமும் அதைப் பிடித்துத்தான் எழுந்திருந்திருக்கிறார். நானும் தினமும் அதில் துண்டு போட்டவன்தான்.

வாசற்படி அவர்களே, உங்கள் அப்பா வாய் திறந்து சொன்னார். எல்லோரும் சொல்லமாட்டார்கள்.

வாசற்படி

இரவுப்பறவை, உங்கள் பதிலைப் படித்தபின் எழுந்து போய் அந்தக் குளியலறை நிலையைத் தடவிப் பார்த்தேன். வலப்புறம், இடுப்பு உயரத்தில், சாயம் தேய்ந்து மரம் தெரிகிறது. நாங்கள் இருவர் தாங்கியபோதும் அவர் நிலையை விட்டதில்லை.

அப்பா போய் ஒன்றரை ஆண்டு ஆகிறது. இப்போது அந்தக் கதவை அகலப்படுத்தப் போகிறேன். யாருக்காக என்று மனைவி கேட்டார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது என்றேன். நேற்று அலமாரியைக் காலி செய்தோம். கட்டியபோது மிஞ்சிய தரை ஓடுகள் இரண்டு பெட்டி, சக்கரம் உடைந்த ஒரு பயணப்பெட்டி, எந்தச் சாதனத்துக்கு உரியது என்று தெரியாத கம்பிகள் ஒரு பை. இவற்றுக்காகத்தான் அந்த இரண்டு அங்குலம்.

கொத்தனார் மகன், அலமாரிப் பக்கத்துச் சுவரை நேராக உடைத்துவிடலாமா?

கொத்தனார் மகன்

கை வைக்காதீர்கள். நிலைக்கு மேலே சுவரைத் தாங்கி நிற்கும் குறுக்கு உத்திரம், லிண்டல் என்பார்கள், பழைய அகலத்துக்குப் போட்டது. புதிய திறப்புக்கு இருபுறமும் குறைந்தது 15 செ.மீ.யாவது அது சுவரில் உட்கார வேண்டும். உங்கள் கணக்குப்படி பார்த்தால் உட்காராது, புதிதாகத்தான் போட வேண்டியிருக்கும். மேலே சுமை இருக்கிறதா என்று ஒரு பொறியாளர் நேரில் பார்க்காமல் ஒரு செங்கல்லையும் எடுக்க வேண்டாம். வாசல் படியையும் இதோடு தட்டிவிட்டுத் தரைச் சரிவை உள்பக்கம், வடிகாலை நோக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். 80 பங்கு நீளத்துக்கு 1 பங்கு இறக்கம் போதும்.

அப்பாவுக்கு உங்கள் கதையைப் படித்துக் காட்டினேன். பழைய நிலையின் அந்த வலப்புறச் சட்டத்தைத் தூக்கி எறிய வேண்டாம், புதிய நிலைக்கே அதை இழைத்துப் பொருத்தலாம், மரம் நல்ல மரமாக இருக்கும் என்கிறார். படம் எடுத்து அனுப்புங்கள், அவர் பார்க்க வேண்டுமாம்.