என்எஃப்எஸ்-இல் மட்டும் எழுதும் வேகம் படுத்துவிடுகிறது, ஏன்?

கேள்வி:
வீட்டு சர்வரில் ட்ரூநாஸ் (கோப்புச் சேமிப்பு சர்வருக்கான இயங்குதளம்), நான்கு ஹார்டு டிஸ்க், இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை. லினக்ஸ் கணினியிலிருந்து எஸ்எம்பி (விண்டோஸ் பாணி நெட்வொர்க் கோப்புப் பகிர்வு) வழியாக ஒரு பெரிய வீடியோவை அனுப்பினால் வினாடிக்கு 110 எம்பி வருகிறது. புகைப்படத் தொகுப்பை, அதாவது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை, என்எஃப்எஸ் (லினக்ஸ், யூனிக்ஸ் பாணிப் பகிர்வு) வழியாக அனுப்பினால் ஊர்ந்து போகிறது. கேபிளை மாற்ற வேண்டுமா?

பதில்:
கேபிளை விடுங்கள். கிகாபிட் இணைப்பில் 110 என்பதே கிட்டத்தட்ட உச்சம், அதனால் நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கிறது. என்எஃப்எஸ்-இல் ஒவ்வொரு கோப்பையும் மூடும்போது, தரவு டிஸ்க்கில் நிஜமாகவே பதிந்துவிட்டதா என்று கிளையன்ட் சர்வரிடம் உறுதி கேட்கும், சுழலும் டிஸ்க் அதற்குப் பதில் சொல்ல சில மில்லி வினாடிகள் ஆகும், கோப்புகள் சின்னதாக இருந்தால் நேரமெல்லாம் இந்தக் காத்திருப்பிலேயே போய்விடும். சம்பா (சர்வரில் எஸ்எம்பி சேவை தரும் மென்பொருள்) பொதுவாக அப்படிக் காத்திருப்பதில்லை. சோதனைக்கு ஒரு தனி டேட்டாசெட்டில் (இசட்எஃப்எஸ்-இல் தனி அமைப்புகள் வைக்கக்கூடிய பகுதி) சிங்க்கை, அதாவது டிஸ்க்கில் பதியும்வரை காத்திருக்கும் அமைப்பை, அணைத்துப் பாருங்கள்.

பதில்:
சோதனைக்கு மட்டும், தயவுசெய்து! அணைத்த நிலையில் கரண்ட் போனால் கடைசிச் சில வினாடிகளில் எழுதியது காணாமல் போகும். பூல் (டிஸ்க்குகள் சேர்ந்த மொத்தச் சேமிப்பு) கெடாது, ஆனால் கிளையன்ட் எல்லாம் பதிந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கும். மின்தடைப் பாதுகாப்புள்ள சிறிய எஸ்எஸ்டி ஒன்றை ஸ்லாக்காக, அதாவது இப்படி உறுதி கேட்டு எழுதுவதை உடனே பதிந்துவைக்கும் தனி டிஸ்க்காக, போடுவதுதான் சரியான வழி. கேஷ் டிஸ்க் வாங்கிவிடாதீர்கள், அது படிப்பதற்குத்தான்.

கேள்வி கேட்டவர்:
அணைத்துப் பார்த்தேன், சட்டென்று வேகம் ஏறியது. திரும்பப் போட்டுவிட்டேன். ஸ்லாக்குக்கு 16 ஜிபி போதுமா?

பதில்:
கிகாபிட்டுக்குத் தாராளம்.