சிவப்பு வெண்டை: காய்ப்புக்கு வந்தபின் ஒரு புதுப்பிப்பு

மாடித்தோட்டத்தில் சிவப்பு வெண்டை விதைத்திருப்பதாகத் தை மாதம் எழுதியிருந்தேன். வாரணாசியிலுள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ‘காசி லாலிமா’ ரகம். சமைத்தால் நிறம் நிற்குமா என்றுதான் பலரும் கேட்டீர்கள். இப்போது காய் பறிக்கிறோம், சொல்லலாம்.

நிற்காது. சாம்பாரில் ஒரு கொதி வந்ததுமே பச்சை வெண்டை மாதிரி ஆகிவிடுகிறது. சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் தண்ணீரில் கரையும், சூட்டில் சிதையும். அப்புறம் அடியிலிருக்கும் பச்சையம் தெரிகிறது. நிறத்தோடு சாப்பிட ஆசையென்றால் பிஞ்சாகப் பறித்து, மெல்லிய வட்டமாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து பச்சையாகவே சாப்பிடுங்கள். புளிப்பு பட்டதும் ஓரச் சிவப்பு இன்னும் பளிச்சென்று ஆகும். ருசி நம் வெண்டை ருசியேதான், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

வெயில் முக்கியம். இலை மறைவில் தொங்கும் காய் வெளிறித்தான் இருக்கிறது. மாவுப்பூச்சி கொஞ்சம் வந்தது, வேப்பெண்ணெய்க் கரைசலில் அடங்கிவிட்டது.

விதை கேட்டவர்களுக்கு: பக்கத்துத் தொட்டியில் பச்சை வெண்டையும் இருப்பதால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். அதனால் மறுநாள் விரியப்போகும் மொட்டுகளுக்கு முந்தைய மாலையே மெல்லிய துணிப்பை கட்டிவிடுகிறேன். தன் மகரந்தத்திலேயே காய் பிடித்துவிடும். பூ வாடியதும் பையை எடுத்துவிட்டு, காம்பில் நூல் கட்டி அடையாளம் வைக்கிறேன். அந்தக் காய்கள் செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கியதும் விதையெடுத்து அனுப்புகிறேன்.