உப்புநெறிச் சடங்கில் உங்களுக்கு நேர்ந்த அனுபவம்: எழுதுங்கள்

பகடைப்பித்தன்

உப்புநெறி நம் பகடை ஆட்டத்தில் வரும் கற்பனை மதம், அதில் ஒரு பாத்திரம் இறந்தால் அதன் பெயரை உப்பால் எழுதித் தண்ணீரில் கரைப்பதுதான் பெயர் கரைப்பு என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேளச்சேரியில் நண்பன் வீட்டில் ஆட்டம். இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தது. எங்கள் மூத்த பூசாரி போய்ச் சேர்ந்தார். வாழையிலையில் உப்பால் அவர் பெயரை எழுதி, அகல் ஏற்றிச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அந்த நேரம் பார்த்து நண்பனின் பாட்டி உள்ளே வந்துவிட்டார்.

இலையை உற்றுப் பார்த்தார். "யாரப்பா தவறிப்போனது?"

நண்பன் மென்று விழுங்கினான். "எங்கள் பூசாரி, பாட்டி."

"வயது?"

"முந்நூறுக்கு மேல் இருக்கும்."

"அப்படியானால் கல்யாணச் சாவுதான். முகத்தைத் தொங்கப் போடாதீர்கள்." இலையைத் தெற்குப் பார்க்கத் திருப்பி வைத்தார். எல்லோரும் கால் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். கழுவினோம். எங்களைக் கேலி செய்தாரா, நிஜமாகவே நம்பினாரா என்று கேட்க இன்றுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நெய்தல்

கதை நன்றாக இருக்கிறது, சடங்குதான் தப்பு. பெயரைக் கரைக்க வேண்டியது கடல்நீரில். பாக்கெட் உப்பையும் குழாய்த் தண்ணீரையும் வைத்து ஒப்பேற்றினால் பூசாரியின் பெயர் அந்த வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கும். நாங்கள் முறைப்படி பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்கு அந்தப் பக்கம், கூட்டம் குறைவான இடம். (1930-இல் பிறரைக் காப்பாற்றப் போய்க் கடலில் உயிர்விட்ட டென்மார்க்காரருக்காக எழுப்பியது அது. பெயரை அழிக்கும் சடங்குக்கு, ஒருவர் பெயரை நிறுத்திவைத்த இடத்தைத் தேடிப் பிடித்தது ஆட்டத்தை நடத்தும் எங்கள் கேம் மாஸ்டரின் குறும்பு.)

ரோந்து வந்த காவலர் விளக்கையும் எங்கள் வெள்ளை வேட்டிகளையும் பார்த்தார். என்ன மதம் என்றார். விளையாட்டு சார் என்றோம்.

"விளையாட்டென்றால் அந்தத் தம்பி ஏன் அழுகிறான்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அழுதது நான்தான்.

அடையாற்றங்கரை

எந்தத் தண்ணீர் என்று இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள். இதில் பாதி இரவல் சரக்கு என்பதை யாரும் பேச மாட்டீர்கள். கேம் மாஸ்டர்கள் சொந்தக் கற்பனை என்று மார்தட்டும் மணற்படி வழிபாட்டை மாசி மகத்தன்று மாமல்லபுரம் போனால் கண்ணாரக் காணலாம். இருளர்கள் கன்னியம்மனுக்கு ஈரமணலில் படி கட்டிக் கும்பிடுகிறார்கள். கல்யாணங்களும் அங்கேயே நடக்கின்றன.

எங்கள் குழுப் பெண் ஒருத்தி அதைப் பார்த்ததும் "இது நம்முடைய கோயில்!" என்று கத்திவிட்டாள். படிக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை. கொஞ்சம் நகர்ந்து அவளுக்கும் உட்கார இடம் விட்டார். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. அதன் பிறகு மணற்படி வரும் ஆட்டத்துக்கு நான் போவதே இல்லை.

சட்டம்படித்தவன்

என் சித்தப்பா மகன் உப்புநெறியின் திருமணச் சடங்கான உப்புச் சத்தியம் செய்தே மணமுடித்தான். மணப்பெண்ணின் உள்ளங்கையிலிருந்து உப்பை நாக்கால் தொட்டபோது சித்தி தலையில் அடித்துக்கொண்டார். அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் இதைச் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். உப்புச் சத்தியம் மட்டும் சட்டப்படி திருமணம் ஆகாது. இருவரும் இந்துக்கள் என்றால் தமிழ்நாட்டில் வழி சுலபம்: இந்துத் திருமணச் சட்டத்தில் சுயமரியாதைத் திருமணத்துக்காக 1967-இல் கொண்டுவந்த 7ஏ பிரிவு இருக்கிறது. உற்றார், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக இருவருக்கும் புரியும் மொழியில் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும், தாலியும் கட்டலாம். புரோகிதர் கட்டாயமில்லை. வேறு வேறு மதமென்றால் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். அதற்கு 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் வேண்டும். எப்படி மணந்தாலும் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். அங்கியும் கிரீடமுமாகப் பதிவாளர் முன் போய் நிற்காதீர்கள், வேலை இழுத்தடிக்கும்.

நெய்தல்

ஐயா, இங்கே யாருக்குக் கல்யாணம்?