ருமேனியா கால்பந்து கீப்பர் ஸ்டெலியாவை நீங்கள் பார்த்த மேட்ச் எது?

மொட்டைமாடி:
98 உலகக் கோப்பை, குரோஷியா மேட்ச். நம்ம நேரப்படி ராத்திரி எட்டு மணி, அதனால் வீடே டிவி முன்னால். துனிசியா மேட்சுக்கு டீம் மொத்தமும் தலையில் மஞ்சள் சாயம் அடித்துக்கொண்டு வந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஸ்டெலியாவுக்கு அடிக்க முடி ஏது? பாட்டி கேட்டாள்: "எல்லாரும் மஞ்சளா நிக்கிறாங்க, இவன் மட்டும் ஏண்டா பழனிக்குப் போயிட்டு வந்த மாதிரி நிக்கிறான்?"

சிரித்து முடிப்பதற்குள் இடைவேளைக்கு முன்னால் பெனால்டி. குரோஷியாவின் சூக்கர் அடித்தார், கோல். செல்லாது, மறுபடி அடி என்றார் நடுவர். மறுபடியும் கோல். அவ்வளவுதான், 1-0, ருமேனியா வீட்டுக்கு. இரண்டு அடிக்கும் நடுவில் ஸ்டெலியா கோட்டுக்குத் திரும்பி நடந்தாரே, அதுதான் எனக்கு இன்னும் போகவில்லை. ஒரே ஆளிடம் ஒரே நிமிஷத்தில் இரண்டு தரம் வாங்குவதற்கு எப்படி மனசைத் தயார் செய்வது?

விடியக்காலை ஐந்து மணி:
அதெல்லாம் ஒன்றுமில்லை. 94 உலகக் கோப்பைதான் அநியாயம். கொலம்பியாவை 3-1 என்று அடித்தபோது கோலில் ஸ்டெலியா. ருமேனியாவின் நட்சத்திரம் ஹாகி ஓரத்திலிருந்து தூக்கிப்போட்ட கோலைப் பார்த்துவிட்டு நான் பல்கூட விளக்காமல் தெருவுக்கு ஓடினேன். நாலு நாள் கழித்து சுவிட்சர்லாந்திடம் 1-4. டெட்ராய்ட் பக்கம், கூரை போட்ட மைதானம். நாலு கோலுக்கும் கீப்பர் ஒருவன்தான் காரணமா? அடுத்த மேட்சில் கோலில் அவருக்குப் பதில் ப்ருனியா. அமெரிக்காவை 1-0, அர்ஜென்டினாவை 3-2 ஜெயித்தார்கள், ஸ்டெலியா பெஞ்சிலேயே. கடைசியில் என்ன ஆச்சு? ஸ்வீடன் மேட்ச், 115வது நிமிஷம், ப்ருனியா வெளியே வந்தார், பந்துக்குப் போய்ச் சேரவில்லை, கென்னத் ஆண்டர்சன் தலையால் முட்டினார்.

ரவெல்லி ரசிகன்:
மேலே எழுதியவர் பாதியோடு நிறுத்திவிட்டார். அந்த கோலுக்குப் பிறகும் ஸ்கோர் 2-2தான் சார். அப்புறம் ஜெயிப்பதை முடிவு செய்த பெனால்டி வரிசையில் ஸ்வீடனின் முதல் அடியே வெளியே போச்சு. ருமேனியா தோற்றது ஸ்வீடன் கீப்பர் ரவெல்லி பெட்ரெஸ்கு, பெலோதெதிச் இருவரின் அடியையும் தடுத்ததால். ஆறடி நாலங்குல ஆள் எகிறினால் எந்தக் கீப்பராக இருந்தாலும் கஷ்டம். ஸ்டெலியா நின்றிருந்தால் பிடித்திருப்பார் என்று எந்த ஜோசியர் சொன்னார்?

கோலி:
நான் மாவட்ட லீக்கில் ஆறு வருஷம் கோலி. என்னையும் ஒரு 4-0க்கு அப்புறம் உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் வீட்டில் பையன் கீப்பராக ஆசைப்பட்டால் இதைக் கேளுங்கள். கிராஸ் வரும்போது முதல் அடி முன்னால் வைத்துவிட்டால் பாதியில் நிற்கக் கூடாது. போனால் முழுசாகப் போகணும், இல்லையென்றால் கோட்டிலேயே இருக்கணும். ப்ருனியாவுக்கு நடந்தது அதுதான். கூட்டத்துக்கு நடுவே பிடிக்கப் பார்க்காதே, குத்தித் தள்ளு. ஒருத்தன் தனியாக வந்தால் முன்னால் போய்க் கோணத்தைக் குறை, ஆனால் அவன் அடிக்கிற நொடியில் இரண்டு காலும் தரையில் நிற்கணும். கையுறை ஈரமாக இருக்கணும், காய்ந்தால் வழுக்கும். நாலு கோல் வாங்கின அன்றைக்குத் தயவுசெய்து பையனிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசாதீர்கள். சோறு போடுங்கள்.

செவில்86:
ருமேனியா கீப்பர் என்றால் டுக்காடம். 1986 மே 7, ஐரோப்பியக் கோப்பை இறுதி, பார்சிலோனா அடித்த நாலு பெனால்டியும் தடுத்தார். அப்புறம் ருமேனியாவின் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் மகன் ஒரு காருக்காக அவர் கையை உடைத்தான் என்று எங்கள் பி.டி. மாஸ்டர் சொன்னார்.

ரவெல்லி ரசிகன்:
அது வதந்தி. கையில் ரத்தம் உறைந்துபோன வியாதி. 27 வயதில் பெரிய ஆட்டம் முடிந்தது. பிற்பாடு எல்லைக் காவலில் வேலை பார்த்தார், 2024 டிசம்பரில் இறந்தார். மாஸ்டர் சொன்னதையெல்லாம் இன்னுமா நம்புகிறீர்கள்?

மொட்டைமாடி:
நான் கேட்டது ஸ்டெலியாவை. நாட்டுக்கு 91 ஆட்டம் ஆடியவர். ஸ்பெயினின் சலமாங்கா கிளப்பில் வருஷக்கணக்காக நின்றவர். பிறகு பயிற்சியாளராகி, ஹாகியே தொடங்கிய வீட்டோருல் அணியையும் கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டார். பெஞ்சில் உட்கார்வது என்றால் என்ன என்று அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை, கையுறை ஈரம் பற்றி எழுதுகிறீர்கள்.

தூக்கம் போச்சு:
2000 யூரோ கோப்பை, சார்லெருவா, இங்கிலாந்து மேட்ச். ஷியரர் பெனால்டியில் ஒன்று, ஓவன் ஸ்டெலியாவைச் சுற்றிக்கொண்டு போய் ஒன்று. அப்புறம் 2-2. 89வது நிமிஷம் இங்கிலாந்தின் நெவில் காலை விட்டார், ருமேனியாவுக்குப் பெனால்டி. கானியா பந்தை வைக்கிறார், எங்கள் ஹாஸ்டலில் எல்லாரும் எழுந்து நிற்கிறோம். எனக்கு என்னமோ அந்தப் பக்கம் கோலில் தனியாக நின்ற மொட்டையைப் பார்க்கணும் போலிருந்தது. குரோஷியா மேட்சில் இரண்டு தரம் வாங்கிய ஆள், இப்போது தன் டீம் அடிப்பதை எப்படிப் பார்க்கிறார் என்று.

கோல் விழுந்தது, 3-2. கேமரா கானியா பின்னாலேயே ஓடியது. அவரைக் காட்டவே இல்லை.