பத்தாவது கேள்வியைத் தனியாகப் பாருங்க

பிரசவ வார்டு செவிலியர்:
ஆறாவது வாரச் செக்கப். பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு மனச்சோர்வு இருக்கான்னு பார்க்கிற எடின்பரோ கேள்வித்தாளில் மனைவிக்குப் பதிலா கணவரே டிக் போட்டுட்டார். கூட்டினா 7. அவர் வெளியே போனதும் அந்தப் பொண்ணு பேனாவை வாங்கி, பத்தாவது பதிலை மட்டும் அடிச்சுத் திருத்தினாங்க. ‘ஒருபோதும் இல்லை’ங்கிறது ‘எப்போதாவது அரிதாக’ன்னு ஆச்சு. மொத்தம் 8. முப்பதுக்கு எட்டுன்னா யாரும் கவலைப்பட மாட்டாங்க. ஆனா பத்தாவது கேள்வி தன்னையே காயப்படுத்திக்கிற எண்ணம் பத்தினது. அதில் 0 தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவா இருந்தாலும், அன்னைக்கே உட்கார்ந்து பேசணும். தாளைத் தாய் தனியா நிரப்பணும்.

மனநல ஆலோசகர்:
பத்தாவது கேள்வி சரி. ஆனா மதிப்பெண்ணை வெச்சே முடிவு கட்டாதீங்க. அந்தத் தாள் கடைசி 7 நாள் மனநிலையை மட்டும் கேட்கும் சல்லடை, நோய் உறுதி செய்ற சோதனை இல்லை. முதல் வாரத்துல நிரப்பினா சாதாரண அழுகையும் அதுல ஏறிடும். அந்த அழுகை ரெண்டு வாரத்துல அடங்கணும். அடங்கலைன்னா மனச்சோர்வான்னு பார்க்கணும். அது பிரசவமாகிப் பல மாசம் கழிச்சும் தொடங்கலாம். டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின் ரெண்டையும் பார்க்காம விடாதீங்க. தைராய்டு குறைஞ்சாலும் இதே சோர்வு, இதே அழுகை.

மருந்தாளர்:
மருந்து பத்தி யாருமே பேசலை. நல்லா ஆயிட்டேன்னு மூணாவது மாசமே செர்ட்ரலின்ங்கிற மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திட்டு, திரும்பவும் படுத்த படுக்கையா வந்த ஒருத்தங்க முகம் மறக்கவே மாட்டேங்குது. முதல் வாரத்துல பலன் தெரியாது, ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும். குணமான பிறகும் குறைஞ்சது ஆறு மாசம் தொடர்றதுதான் வழக்கம். நிறுத்தறப்போ டாக்டர் சொல்றபடி படிப்படியா அளவைக் குறைக்கணும். தாய்ப்பாலில் மிகக் கொஞ்சமே சேரும், அதுக்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி, அவங்களுக்கோ குடும்பத்துலயோ பைபோலார் (மனம் சோர்வுக்கும் அதீத எழுச்சிக்கும் மாறி மாறிப் போற நோய்) இருந்துச்சான்னு சொல்லிடுங்க. இருந்தா, மனச்சோர்வு மருந்தைத் தனியா கொடுத்தா மனம் எதிர்ப்பக்கம் வெறியா எகிறிடலாம். ராத்திரியைப் பங்கு போடுங்க: ஒரு வேளைப் பாலை வேற யாராவது கொடுத்து, தாய்க்கு நாலஞ்சு மணி நேரம் ஒரே மூச்சில் தூக்கம். குழந்தை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வரலைன்னா அதை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க.

பிரசவ வார்டு செவிலியர்:
தூக்கமே இல்லாம களைப்பும் தெரியாம, குழப்பமா பேசி, இல்லாத குரல் கேட்குதுன்னா அது வேற, பிரசவத்துக்குப் பிறகு வர்ற கடுமையான மனநோய். ஆயிரம் பிரசவத்துல ஒண்ணு ரெண்டு, பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துக்குள்ள. குழந்தையோட தனியா விடாம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

மனநல ஆலோசகர்:
அதோட இதைக் குழப்பிக்காதீங்க: ‘குழந்தையைக் கீழே போட்டுடுவேனோ’ன்னு ஒரு காட்சி வந்து, பயந்துபோய் மாடிப்படிப் பக்கமே போகாத அம்மாக்கள் நிறைய. அந்த எண்ணமே அவங்களை நடுங்க வைக்குது, செய்ற ஆசை துளியும் இல்லை. கேட்டாத்தான் சொல்லுவாங்க. “இப்படி வேண்டாத எண்ணம் வர்றது பலருக்கும் உண்டு, உங்களுக்கு வருதா?”ன்னு கேளுங்க.