மில்லிங் மெஷினை சிஎன்சி ஆக்க எந்த மோட்டார், எந்த டிரைவர்?

வணக்கம் நண்பர்களே. வீட்டிலிருக்கும் சின்ன மில்லிங் மெஷினை (சுழலும் கட்டரால் செதுக்கும் மெஷின்) சிஎன்சியாக, அதாவது கம்ப்யூட்டரே ஓட்டும்படி, மாற்றுகிறேன். மூன்று அச்சுக்கும் 5 மிமீ பிட்ச் பால் ஸ்க்ரூ (ஒரு சுற்றுக்கு 5 மிமீ நகர்த்தும் திருகு). நிமிடத்துக்கு 3000 மிமீ நகர வேண்டுமென்றால் மோட்டார் 600 ஆர்பிஎம் சுற்றணும். அந்த வேகத்தில் ஸ்டெப்பரின் (படிப்படியாகச் சுற்றும் மோட்டார்) டார்க், அதாவது சுழற்றும் திறன், நன்றாகவே இறங்கிவிடும். லேபிளில் இருக்கும் ஹோல்டிங் டார்க் நின்ற நிலைக்குத்தானே!

எக்ஸ், ஒய்க்கு நெமா 23 (நெமா எண் மோட்டாரின் முகப்பு அளவு) போதும் என்று தோன்றுகிறது. குழப்பமெல்லாம் மேலும் கீழும் நகரும் இசட்டில்தான், கட்டரைப் பிடித்திருக்கும் முழு ஹெட்டையும் தூக்கணும். பார்த்து வைத்திருக்கும் நெமா 34-க்கு இண்டக்டன்ஸ் (காயிலில் கரண்ட் மாறுவதை எதிர்க்கும் அளவு) 4 மில்லிஹென்றி. வழக்கமான கணக்குப்படி அதன் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கினால் மோட்டாருக்கு ஏற்ற சப்ளை 64 வோல்ட். 50 வோல்ட் டிரைவர் (மோட்டாருக்கு கரண்ட் கொடுத்து ஓட்டும் போர்டு) ஒத்துவராது.

80 வோல்ட் டிரைவர் போடவா, குளோஸ்டு லூப் ஸ்டெப்பரா (சென்சார் வைத்து நிலையைச் சரிபார்ப்பது), இல்லை நேரே ஏசி சர்வோ மோட்டாரா? கரண்ட் போனால் ஹெட் இறங்காமலிருக்க பிரேக் மோட்டார் அவசியமா, எடையைத் தாங்க கேஸ் ஸ்பிரிங் (வாயு அடைத்த தாங்கி) போதுமா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்க.