மழைக்காலத்துல ராத்திரி ஹேண்ட் பிரேக் போடலாமா?

வியாசர்பாடி_டிரம்: கணேசபுரம் சப்வே தண்ணியில இறங்கி வந்த வண்டிக்கு ராத்திரி ஹேண்ட் பிரேக் போடாதீங்க. பின்னாடி டிரம் பிரேக் (சக்கரத்தோட சுத்துற டிரம்மை உள்ளேயிருந்து 'ஷூ' அழுத்தி நிறுத்துறது) இருந்தா, ஷூமேல இருக்கிற ஈர லைனிங் பட்டை துருவால டிரம்மோட ஒட்டிக்கும். நம்ம பக்கம் சமதரைதானே, கியர்ல விட்டு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வெச்சாப் போதும்.

ராயபுரம்_ஸ்பேனர்: ஒரு ராத்திரிக்குச் சரி. அதையே பழக்கமாக்கினா ஹேண்ட் பிரேக் லிவர்லேர்ந்து பின் சக்கரத்துக்குப் போற கேபிள் போயிடும் அண்ணே. காசிமேடு உப்புக் காத்துக்கு உறைக்குள்ள கம்பி துருப்பிடிக்கும். சக்கரத்துப் பக்க முனையில ரப்பர் மூடி கிழிஞ்சிருந்தா இன்னும் சீக்கிரம். அப்புறம் என்னைக்காவது இழுத்தா பிடிக்கும், விடாது. முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் ஜாக்கியில தூக்கி, லிவரை இறக்கிட்டுக் கையால சுத்திப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் இறுகினா முதல் சந்தேகம் கேபிள்மேலதான். எண்ணெய் ஊத்தாதீங்க, வழிஞ்சு லைனிங்ல இறங்கும். மாத்துறதுதான் வழி.

வியாசர்பாடி_டிரம்: ஒட்டின லைனிங் பிஞ்சு வந்தா ஷூ செட்டே மாத்தணுமே, அந்தச் செலவு?

ராயபுரம்_ஸ்பேனர்: நிறுத்துறதுக்கு முன்னாடி 200, 300 மீட்டர் பிரேக்கை லேசா மிதிச்சபடி மெதுவா ஓட்டுங்க, சூட்டுல ஈரம் காயும். அப்படியும் ஒட்டினா ரிவர்ஸ் போட்டு மெல்ல அசைங்க. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு இழுத்தாதான் லைனிங் பெயரும்.

மணலி_ஆட்டோ: ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில 'பி' (பார்க்கிங்) போட்டா போதாதா?

ராயபுரம்_ஸ்பேனர்: போதாது தம்பி. வண்டி எடை மொத்தமும் கியர்பாக்ஸ் உள்ள ஒரு சின்னக் கொக்கியில நிக்கும். கால் பிரேக்கை மிதிச்சு நியூட்ரல், ஹேண்ட் பிரேக், காலைத் தளர்த்தி வண்டி நின்னதும் மறுபடி மிதிச்சு 'பி'.

மணலி_ஆட்டோ: பழைய வண்டியில லிவர் மேலே வரை வருது. கேபிள் நட்டை முறுக்கிடலாமா?

வியாசர்பாடி_டிரம்: முறுக்குங்க, லிவரை ரெண்டு 'கிளிக்' சத்தம் இழுத்தாலே பிடிக்கும்.

ராயபுரம்_ஸ்பேனர்: அய்யய்யோ, அதான் கூடாது! தேய்ஞ்சது ஷூ. அதுக்கும் டிரம்முக்கும் நடுவுல உள்ள இடைவெளியை முதல்ல சரி பண்ணணும், லிவர் முழுசா இறங்கியிருக்கணும், கேபிள் கடைசியில. முதல்லயே கேபிளை இறுக்கினா ஷூ பழைய இடத்துக்குத் திரும்பாது, அந்த இடைவெளியைத் தானா சரி பண்ற அட்ஜஸ்டரும் வேலை செய்யாது. எத்தனை கிளிக்னு அந்தந்த வண்டிக் கையேட்டுல இருக்கும்.

வியாசர்பாடி_டிரம்: அட்ஜஸ்ட்மென்ட் விஷயம் ஒத்துக்கறேன். கட்டை விஷயத்துல இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 126-ம் பிரிவே பிரேக் போடணும், இல்லேன்னா வண்டி தானா நகராதபடி வேற ஏற்பாடு செய்யணும்னுதான் சொல்லுது.

ராயபுரம்_ஸ்பேனர்: சட்டம் விடும், தெருப் பசங்க கட்டையை விடுவாங்களா? அடைமழையில கட்டை வைங்க. மழை விட்டதும் தினமும் இழுத்துப் போடுங்க, கேபிள் அசையட்டும்.

வியாசர்பாடி_டிரம்: மழை விட்டதும்னா சரி. ஜனவரியில பார்ப்போம்.